அசாம் தேயிலைக்கு வழி திறந்த பீரங்கிப் படகுத் தலைவர்

இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ பாதி அசாம் மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. இத்தொழிலுக்கு அடித்தளமிட்டவர் தாவரவியல் அறிஞர் அல்லர். எல்லைப்புறத்தில் படகு செலுத்தி வணிகம் செய்துவந்த ஒரு மாலுமி. சார்லஸ் அலெக்சாண்டர் புரூஸ் என்ற அவரது வாழ்க்கை வரலாறு, வடகிழக்கின் மலையடிவாரக் காடுகள் கிழக்கிந்திய கம்பெனியின் கைக்குப் போன வரலாறும் ஆகும்.

1793-ல் பிறந்த புரூஸ், 1809-ல் கம்பெனியின் 'விண்டம்' கப்பலில் பயிற்சி மாலுமியாக இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். பிரிட்டனும் பிரான்சும் கடும் போரில் ஈடுபட்டிருந்த காலம் அது. இந்தியப் பெருங்கடலில் அக்கப்பல் இருமுறை பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. மோரீஷஸ் தீவில் கைதியாக இருந்த புரூஸ், 1810 இறுதியில் அத்தீவை ஆங்கிலேயர் கைப்பற்றிய பின்னரே விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டு ஜாவா மீது நடந்த படையெடுப்பில் துருப்புகளை ஏற்றிச் சென்ற கப்பலில் அதிகாரியாகப் பணியாற்றினார்.

அவருடைய அண்ணன் ராபர்ட் புரூஸ், பிரிட்டிஷ் ஆட்சி எட்டாத அசாமில் வணிகம் செய்து வந்தார். 1823-ல் ராபர்ட், சிங்போ பழங்குடித் தலைவர் பீசா காமைச் சந்தித்தார். சிங்போ மக்கள் தேயிலையைப் பக்குவப்படுத்தி மூங்கில் குழாய்களில் அடைத்து வைத்துப் பயன்படுத்துவதை ராபர்ட்டுக்குத் தெரிவித்தவர் மணிராம் என்ற அசாமியப் பிரமுகர் எனக் கூறப்படுகிறது. ராபர்ட் விரைவிலேயே இறந்துவிட்டார்.

1824-ல் பர்மாவுடன் போர் மூண்டபோது, கவர்னர் ஜெனரலின் பிரதிநிதியான டேவிட் ஸ்காட்டிடம் சார்லஸ் புரூஸ் தமது சேவையை அளிக்க முன்வந்தார். பிரம்மபுத்திராவில் பீரங்கிப் படகுகளின் தலைமை அவருக்குக் கிடைத்தது. சதியாவில் நிலைகொண்ட அவர், அண்ணன் தொடங்கி வைத்த தொடர்பைப் பயன்படுத்தி, தேயிலைச் செடிகளையும் விதைகளையும் பெற்று ஸ்காட்டுக்கு அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவர் வாலிக், அது உண்மையான தேயிலை என்பதை ஏற்கவில்லை. விஷயம் பல ஆண்டுகள் கிடப்பில் போடப்பட்டது.

நிலைமையை மாற்றியது அறிவியல் அன்று, அரசியல். சீனத் தேயிலை வணிகத்தில் கம்பெனி வைத்திருந்த ஏகபோக உரிமையை 1833-ம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் வாயிலாக பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பறித்தது. மாற்று வழி தேடிய கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் 1834-ல் தேயிலைக் குழுவை அமைத்தார். மேல் அசாமில் தேயிலை இயற்கையாகவே வளர்கிறது என்று அவ்வாண்டு டிசம்பரில் அக்குழு அறிவித்தது. கண்டுபிடிப்பின் பெருமை ஜென்கின்ஸ், சார்ல்டன் ஆகிய ராணுவ அதிகாரிகளுக்கே முதலில் போனது. தமது உரிமையை நிலைநாட்ட புரூஸ் நெடுங்காலம் வாதாட வேண்டியதாயிற்று. சிங்போ மக்கள் பலகாலமாகப் பயன்படுத்தி வந்த ஒன்றைக் கண்டுபிடித்தவர் யார் என்று அதிகாரிகள் தங்களுக்குள் சச்சரவிட்டனர் என்பதுதான் இதிலுள்ள முரண்.

1836-ல் புரூஸ் தேயிலைப் பயிர்க் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டார். தாவரவியலில் முறையான பயிற்சி இல்லாத அவர், சீனாவிலிருந்து வரவழைக்கப்பட்ட கைவினைஞர்களிடம் தேயிலை தயாரிக்கும் முறையைக் கற்றார். காடுகளில் அலைந்து சுமார் 120 தேயிலைப் பகுதிகளை அடையாளம் கண்டார். அவர் அனுப்பிய தேயிலையில் 8 பெட்டிகள் 1839 ஜனவரி 10-ந் தேதி லண்டனில் ஏலம் விடப்பட்டன. வழக்கத்தைவிடப் பல மடங்கு விலை கிடைத்தது. அந்த ஆண்டே அசாம் கம்பெனி தொடங்கப்பட்டது.

தேயிலை கிடைத்த இடங்களை நோக்கி ஆட்சி எல்லையும் நகர்ந்தது. கப்பம் பாக்கி என்ற காரணத்தைக் காட்டி 1838-ல் ஆஹோம் மன்னர் புரந்தர் சிங்கா நீக்கப்பட்டு மேல் அசாம் கம்பெனி ஆட்சியுடன் இணைக்கப்பட்டது. தேயிலை வளம் மிகுந்த மடக் பகுதியும் அதன் தலைவர் இறந்ததும் இணைக்கப்பட்டது. தங்கள் நிலம் பறிபோவதைக் கண்ட சிங்போ மக்கள் 1843-ல் கிளர்ச்சி செய்து ஒடுக்கப்பட்டனர். அசாம் கம்பெனியில் திவானாக இருந்த மணிராம், பின்னர் அதிலிருந்து விலகிச் சொந்தமாகத் தோட்டம் அமைத்தார். 1857 கிளர்ச்சியில் பங்கு கொண்டதாகக் குற்றம் சாட்டி 1858-ல் ஜோர்ஹாட்டில் அவரைத் தூக்கிலிட்டனர்.

புரூஸை வெறும் கொள்ளையராகச் சித்திரிப்பது நியாயமாகாது. அபினிப் பழக்கம் அசாம் மக்களைச் சீரழிப்பதாக 1839-ம் ஆண்டு அறிக்கையில் அவர் வருந்தினார்; அதை ஒழிக்குமாறு அரசை வற்புறுத்தினார். 1860-ல் தனியார் அபினிச் சாகுபடிக்குத் தடை விதித்த அரசு, தன் அபினி விற்பனையை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால், தோட்டங்களுக்கு வெளியிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனையும் புரூஸின் எழுத்துகளில் உண்டு. பிற்காலத்தில் சோட்டா நாகபுரி முதல் சென்னை மாகாணம் வரை பல பகுதிகளிலிருந்து லட்சக்கணக்கானோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். வழியிலும் தோட்டங்களிலும் மாண்டவர்கள் ஏராளம்.

அசாம் கம்பெனியில் உயர் பொறுப்பேற்ற புரூஸை, நஷ்டம் பெருகியதும் சில ஆண்டுகளிலேயே நிர்வாகம் வெளியேற்றியது. தேஜ்பூரில் குடியேறிய அவர் 1871-ல் காலமானார். அவருடைய கல்லறை அங்கேயே உள்ளது.

அவர் படகு நிறுத்திய பழைய சதியா நகரம் இன்றில்லை. 1950 ஆகஸ்ட் 15-ந் தேதி ஏற்பட்ட நிலநடுக்கமும் தொடர்ந்த வெள்ளமும் அதை அழித்துவிட்டன. அந்த ஆற்றின் குறுக்கே 9.15 கிலோ மீட்டர் நீளமுள்ள பூபேன் ஹசாரிகா பாலம் 2017-ல் திறக்கப்பட்டது.

பாலம் வந்துவிட்டாலும் பழைய கணக்கு தீர்ந்துவிடவில்லை. தேயிலைக்காக நிலம் இழந்த மடக் மக்கள், தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சந்ததியினர் உள்ளிட்ட 6 சமூகத்தினரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கான மசோதா, 2019 ஜனவரியில் மாநிலங்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. அந்த மக்களவையின் பதவிக் காலம் முடியும்வரை அது சட்டமாகவில்லை. லண்டனில் 8 பெட்டிகள் ஏலம் போய் அப்போது சரியாக 180 ஆண்டுகள் ஆகியிருந்தன.