மாற்று மூட்டுக் கண்ட சார்ன்லி

கவரைப்பேட்டைப் புகைவண்டி நிலையத்தில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இளைஞர் விரைந்து வண்டியேறுவர். முதியோர் சிலரோ கைப்பிடியை இறுகப் பற்றி, ஒரு காலை முன்வைத்து, மறு காலை மெல்ல இழுத்து ஏறுவர். இதனை எழுதுபவனும் அம்முதியோருள் ஒருவன்.

இடுப்பெலும்பில் கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டு. தொடையெலும்பின் தலை அதனுள் பந்துபோலச் சுழலும். இரண்டனையும் போர்த்துள்ள வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்துபோயின், எலும்போடு எலும்பு உராயும். நடையும் உறக்கமும் ஒருங்கே கெடும். இத்தகைய மூட்டினை நீக்கி, நெடுநாள் நிலைக்கும் செயற்கை மூட்டினைப் பொருத்தும் முறையை உலகிற்கு அளித்தவர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கில மருத்துவர்.

அவர் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், லங்காஷயரில் பஞ்சாலைகள் மிகுந்த பெரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். மான்செஸ்டரில் பயின்று 1935இல் மருத்துவப் பட்டம் பெற்ற சார்ன்லி, இரண்டாம் உலகப்போரின்போது எகிப்தில் படை மருத்துவராகப் பணியாற்றினார். அங்குப் பட்டறையொன்றில் முறிந்த கால்களுக்குரிய தாங்குகருவிகளைச் செய்வித்தார். எலும்பு மருத்துவத்தில் தச்சுத் தொழிலின் கூறும் உண்டன்றோ!

போருக்குப் பின் அவர் மான்செஸ்டருக்குத் திரும்பினார். அக்காலத்தில் பிரான்சு நாட்டினரான ஜூடே உடன்பிறந்தார் அமைத்த அக்ரிலிக் பந்து மூட்டு வழக்கில் இருந்தது. அதனைப் பெற்ற ஒருவரின் இடுப்பு, அவர் சாயுந்தோறும் கிறீச்சிட்டது. உணவு வேளையில் அவ்வொலியைப் பொறாது அவர் மனைவி எழுந்து போய்விடுவாராம். பிறர் நகைத்து விடுத்திருப்பர். சார்ன்லியோ உராய்வு மிகுதியே அவ்வொலிக்குக் காரணமென்றும், உராய்வு மிகுந்தால் மூட்டு நாளடைவில் தளருமென்றும் கண்டார். ஆகவே எஃகினாற் சிறிய பந்தையும், வழுக்குந் தன்மையுடைய டெஃப்லானாற் கிண்ணத்தையும் அமைத்தார். பல் மருத்துவர் கையாளும் அக்ரிலிக் பசையைக் கொண்டு எஃகுத் தண்டினை எலும்பினுள் நிறுத்தினார். முன்பு காசநோய் மருத்துவமனையாக விளங்கிய ரைட்டிங்டன், அவர்தம் பணிக்களமாயிற்று.

1958 முதல் இம்மூட்டினைப் பெற்றோர் நோவின்றி நடந்தனர். புகழும் பரவத் தொடங்கியது. ஆயின் மூன்றாண்டுகள் செல்லுமுன் கிண்ணங்கள் தேயலாயின. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள தசையில் வீக்கத்தை விளைத்தன, எலும்பும் அரிக்கப்பட்டது. ஏறத்தாழ 300 பேர் இம்மூட்டினைத் தாங்கியிருந்தனர். நடக்கச் செய்தவரிடமே அவர்கள் மீண்டும் நொண்டி வந்தனர்! பழியைப் பொருளின்மேலோ நோயாளியின்மேலோ ஏற்றிவிட்டு அவர் விலகியிருக்கலாம். அங்ஙனம் செய்யாது, பழுதுற்ற மூட்டுகளைத் தம் கையாலேயே ஒவ்வொன்றாக அகற்றினார்.

1962இல் வணிகர் ஒருவர், ஆலைப் பொறிகளுக்குப் பயன்படும் உறுதிமிக்க பாலிஎத்திலீன் துண்டினைக் கொணர்ந்து காட்டினார். சார்ன்லி அதனைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய பட்டறைத் தொழில்நுட்பரான ஹாரி கிரேவன் என்பவரோ அதனைப் பொறியிலிட்டுத் தேய்த்துப் பார்த்தார். டெஃப்லான் ஒரு நாளிலே தேய்ந்த அளவும், இது மூன்று வாரம் ஓடியும் தேயவில்லை. கைத்தொழிலாளி ஒருவரின் பொறுமை, ஆசானின் கண்ணைத் திறந்தது. எனினும் சார்ன்லி உடனே நோயாளிகளிடம் செல்லவில்லை. இருவகைப் பொருளின் துகளையும் தம் தொடையிலேயே ஊசிவழி ஏற்றிக்கொண்டார். டெஃப்லான் ஏற்றிய இடம் கட்டியாகத் திரண்டது. மற்றையது வாளா இருந்தது. 1962 நவம்பரில் புதிய கிண்ணம் பொருத்தப்பட்டது. அதன்பின்னும் அவர் விரைந்தாரில்லை. தம்மிடம் வந்து முறையைக் கற்றவர்க்கே பல்லாண்டுகள் மூட்டினை வழங்கினார்.

மற்றொரு பகை நுண்ணுயிர். உடலுள் வைத்த அயற்பொருளில் கிருமி குடியேறினால், மருந்தால் அதனை ஒழித்தல் அரிது. பெரும்பாலும் மூட்டினைக் கழற்றவே நேரும். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழு பேர் வரை இவ்வின்னலுக்கு ஆளாயினர். சார்ன்லி கண்ணாடிக் கூடாரம் ஒன்றை அமைத்து, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழ்நோக்கிச் செலுத்தி, அதனுள் நின்று அறுவை செய்தார். மருத்துவரின் மூச்சுக்காற்றையும் குழாய்வழி வெளியேற்றினார். சில ஆண்டுகளில் அத்துன்பம் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது.

அன்று அறுவைக்குப்பின் நோயாளர் பல வாரங்கள் கிடக்க வேண்டியிருந்தது. இன்றோ, பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ ஊன்றுகோலுடன் எழுந்து நிற்கின்றனர். நடக்க நடக்கத் தசை வலுப்பெறும். காலின் குருதிக் குழாயில் குருதி உறையும் இடரும் குறையும். உறைந்த கட்டி நுரையீரலை அடையின் உயிருக்கே இறுதியாகவுங்கூடும். காலை மிக மடக்கித் தாழ அமர்ந்தால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவவுங்கூடும். சப்பணமிட்டு உண்ணும் நம்மவர்க்கு இக்கட்டுப்பாடு சிறிதன்று.

சார்ன்லிக்கு 1977இல் சர் பட்டம் வழங்கப்பட்டது; 1982 ஆகஸ்டு 5ஆம் நாள் மறைந்தார். அவர் தம் நோயாளரிடம் விடுத்த வேண்டுகோள் ஒன்று உண்டு: இறந்தபின் மூட்டினை ஆராய்ச்சிக்குத் திருப்பித் தருதல் வேண்டும் என்பதே அது. பலர் இசைந்தனர். இவ்வாறு வந்த கிண்ணங்களை அவர் ஒவ்வொன்றாய் அளந்து, அவை தேய்ந்த அளவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கே எனக் கண்டார்.