நாற்பது ஆண்டுத் தீர்ப்பு

தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் ஏர் பிடித்தவனும் தூத்துக்குடி ஆலையில் நூல் நூற்றவனும் 1908-ல் ஒரே அதிகாரியின் கைக்குள் இருந்தார்கள், தோழர்களே! அவர்தான் திருநெல்வேலி ஜில்லா கலெக்டர். வரி வாங்குபவர் அவர், போலீசை ஏவுபவர் அவர், மாஜிஸ்திரேட்டும் அவரே. எதேச்சாதிகாரத்துக்கு முடிசூடிய மன்னன் வேண்டுமா என்ன?

ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டார்; வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்த்தது. ஆனால் 1908 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் தொடங்கிய கோரல் மில் தொழிலாளர், அவர் துணையோடு கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வென்றார்களே, அதைப் பொறுக்கவில்லை. மார்ச் 12-ல் கைது. மறுநாள் நெல்லை கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர்.

நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை. ராஜத்துரோகப் பேச்சுக்கு 20 ஆண்டு. சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20. சிவாவுக்கு இடமும் சோறும் கொடுத்தது குற்றமாம்! அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனாலும் கோவைச் சிறையில் அந்த வக்கீல் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. 1936-ல் மறைந்தார்.

அவரைச் சிறைக்கு அனுப்பிய 124-ஏ பிரிவு வெள்ளையனோடு கப்பலேறவில்லை. 2022-ல் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது; 2024-ல்தான் சட்டப்புத்தகத்தை விட்டுப் போயிற்று. முழுக்கப் போயிற்றா என்பதைப் புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.