குளிரில் புதுமை கண்ட கமர்லிங் ஓனஸ்

மின்சாரம் பாயும்பொழுது கம்பி சூடேறுகிறது. கம்பியிலுள்ள தடையே அதற்குக் காரணம். அத்தடை அறவே மறைவதைக் கண்டறிந்த அறிஞர் ஹைக்கே கமர்லிங் ஓனஸ்.

இவர் நெதர்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகரில், 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், செங்கல் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1882இல் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கைத்திறனாளர் இன்றி ஆய்வு நடவாது என உணர்ந்து, 1901இல் இளைஞர்க்குக் கருவி செய்யக் கற்பிக்கும் பள்ளியொன்றை நிறுவினார். கண்ணாடிக் குழல் ஊதியும் உலோகம் கடைந்தும் அவர்கள் உழைத்தனர். 1908 ஜூலை 10ஆம் நாள், ஹீலியம் வாயு முதன்முறையாகத் திரவமாயிற்று. அதன் குளிர்ச்சி, சுழியத்திற்குக் கீழ் 269 பாகை செல்சியஸ்.

1911இல் அக்குளிரில் பாதரசத்தை ஆராய்ந்தபொழுது, அதன் மின்தடை திடீரென மறைந்தது. இதுவே மீகடத்தல். 1913இல் குளிர் ஆய்வுகளுக்காக நோபல் பரிசு பெற்றார்.

தடையற்ற ஈயக் கம்பிச் சுருளால் வலிமைமிக்க காந்தம் செய்ய ஓனஸ் விரும்பினார். ஆனால், காந்த ஆற்றல் சற்று மிகுந்ததும் மீகடத்தல் அழிந்தது. இரண்டும் பகை! அவ்வுண்மையை மறைக்காமல் 1914இல் வெளியிட்டார். 1926இல் இயற்கை எய்தினார்.

காந்தத்தைத் தாங்கும் மீகடத்திகள் பின்னர்க் கிடைத்தன. மருத்துவமனைகளில் உடலினுள்ளே படமெடுக்கும் பெருங்காந்தங்கள் பல அவற்றால் ஆனவை. இன்று, மீகடத்தும் ஆக்சைடையும் காந்த ஆக்சைடையும் மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்து, அப்பகைவர் இருவரும் சந்திக்கும் எல்லையில் நிகழ்வதை அறிஞர்கள் ஆராய்கின்றனர்.

தோல்வியையும் உண்மையாக எழுதிவைப்பவர் பின்வருவோர்க்கு வழிகாட்டியாகிறார். நாமும் அவ்வாறே வாழ்வோமாக!