தமிழில் மருத்துவம் படிப்பித்த மானிப்பாய் டொக்டர்

திம்புள்ளைத் தோட்டங்களிலிருந்து நனைந்த சப்பாத்துடன் நம் பள்ளிக்கு நடந்து வந்தவர்களுக்கு, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்தவரே டொக்டர். பட்டம் பெற்ற வைத்தியரைக் காண ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப் போயும் அவர் பேசுவது விளங்காமல், வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிய தாய்மாரை நாம் அறிவோம். நூற்றாண்டு மலருக்கு ஒரு வைத்தியரின் வரலாற்றை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது சாமுவேல் பிஸ்க் கிறீன் நினைவுக்கு வந்தது அதனால்தான். அவர் பணி செய்தது யாழ்ப்பாணத்தில். ஆனால் படித்த வைத்தியர் ஏன் ஊரில் தங்குவதில்லை என்ற நம் கேள்வியை 150 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அவர்.

அமெரிக்காவில், மசாசுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822 ஒக்டோபர் 10ஆம் திகதி பிறந்தார். வீடு நிறையப் பிள்ளைகள். அண்ணன் அன்ட்ரூ பின்னாளில் நியூயோர்க் நகரை உருவாக்கியவர்களில் ஒருவராகப் பெயர் பெற்றார். தம்பி 1845இல் நியூயோர்க்கில் மருத்துவம் படித்து முடித்து, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அதே காலத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் காட்டுவழியே நடந்துகொண்டிருந்தார்கள். வழியில் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானார்கள்.

பண்டத்தரிப்பில் டொக்டர் ஜோன் ஸ்கடர் கால் நூற்றாண்டுக்கு முன்பே மேலைநாட்டு வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். ஒரு கை எத்தனை நோயாளரைத் தொட முடியும் என்று கணக்குப் பார்த்தவர் போல, 1848இலேயே சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு வகுப்பையும் ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலத்தில்தான் பாடம். கெட்டிக்காரப் பிள்ளைகள், நன்றாகவே படித்தார்கள்.

பிறகுதான் சிக்கல். ஆங்கிலத்தில் படித்தவருக்கு அரசாங்க உத்தியோகமும் சம்பளமும் வெளியூரில் காத்திருந்தன. நடை, உடை, பேச்சு எல்லாம் மாறின. மாணவர் தம் ஊர் உடுப்பை விட்டுக் காற்சட்டைக்கும் தொப்பிக்கும் மாறுவது கிறீனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எந்தக் கிராமத்துக்காக அவர்களைப் பயிற்றினாரோ, அந்தக் கிராமம் பழையபடி வைத்தியரில்லாமலே கிடந்தது.

1850களின் பிற்பகுதியில் ஓய்வுக்காகத் தாயகம் சென்றவர், 1862இல் மணம் முடித்து மனைவியோடு திரும்பினார். 1864இல் தமிழ் வகுப்பைத் தொடங்கினார். தமிழில் படித்தவன் தமிழருக்குள்ளேயே தொழில் செய்வான், தான் சம்பாதிப்பதில் ஊரிலேயே வாழ்வான், நோயாளிக்கும் அவன் சொல்வது விளங்கும் என்பது அவர் எண்ணம். மொழிப்பற்று மட்டுமல்ல, வைத்தியர் எங்கே தங்குவார் என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஆனால் தமிழில் படிக்கப் புத்தகம் வேண்டுமே! கிறீனின் உழைப்பின் பெரும் பங்கு இதற்கே போனது. மாணவர்களையும் பண்டிதர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்த்தார். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார், இல்லையேல் வடமொழி, அதுவும் உதவாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடுவார். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம் என்று வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம் வேறொன்றுமல்ல, நாம் மருத்துவ பீடத்தில் தூக்கிச் சுமந்த கிரேயின் உடற்கூற்று நூல்தான். எலும்புக்கும் நரம்புக்கும் ஆங்கிலப் பெயரை உருப்போட்டு அழுத அந்த முதலாம் ஆண்டில், இதே நூல் தமிழில் ஒரு காலத்தில் அச்சாகியிருந்தது என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

பிரசவ நூல் எழுதியவரின் வகுப்பில் பெண்கள் இருக்கவில்லை. அது ஒரு குறைதான். பெண்களுக்கென்று இணுவிலில் மிஷன் வைத்தியசாலை திறக்கப்பட்டது 1898இல். அப்போது கிறீன் உயிரோடில்லை.

அவர் பயிற்றியவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் 33 பேர் தமிழில் படித்தவர்கள். சிறிய தொகையாகத் தோன்றலாம். அந்த நாளில் ஒரு குடாநாட்டுக்கு இது எவ்வளவு பெரிது என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதை எழுதும்போது நமக்குள் ஒரு கூச்சம். உள்ளகப் பயிற்சிக் காலத்தில், வேறொரு மாகாணத்து வைத்தியசாலையில், தோட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவுக்கு மொழிபெயர்க்க நம்மைத்தான் விடுதிக்கு விடுதி கூப்பிட்டார்கள். இரண்டு நாளாகத் தன் நோயை யாரிடமும் சொல்ல முடியாமல் படுத்திருந்தவர், நம் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கே திரும்பிவிடுவது என்று அன்று முடிவு செய்தோம். இன்று இருப்பது கொழும்பில். பிள்ளைகளின் படிப்பு, மேற்படிப்பு, வீடு என்று காரணங்களுக்குக் குறைவில்லை. மானிப்பாயை விட்டுப் போன அந்த ஆங்கில வகுப்பு மாணவர்களுக்கும் இப்படியான காரணங்கள் இருந்திருக்கும். மலரைப் புரட்டும் தோழியருள் எத்தனை வைத்தியர், தாதியர், மருந்தாளர் இருக்கிறோம், அவர்களுள் எத்தனை பேர் தலவாக்கலைக்கும் ஹற்றனுக்கும் இடையில் பணி செய்கிறோம் என்று சங்கம் ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

கொழும்பில் 1870இல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கே ஆங்கிலமே போதனா மொழி. உடல் தளர்ந்த கிறீன் 1873இல் இலங்கையை விட்டார். அவருக்குப் பின் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. அவரோ வூஸ்டரில் இருந்தபடியே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். தாள்கள் கப்பலில் போய் வந்தன. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28ஆம் திகதி, பிறந்த மண்ணிலேயே கண்மூடினார். தம் கல்லறையில் தம்மைத் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே பொறிக்கும்படி சொல்லி வைத்திருந்தார், அப்படியே பொறித்தார்கள். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.