மேற்கட்டியும் கலாயோகியும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் மங்கலம் நிகழும் வீட்டின் கூரையை வெறுமையாக விடுதல் மரபன்று. சலவைத் தொழிலாளர் வந்து தூய வெண்டுகிலை மேலே விரித்துக் கட்டுவர். இதனை வெள்ளை கட்டுதல் என்பர். கட்டும் கைக்கு அவ்வில்லத்தில் உரிமை உண்டு. அவ்வுரிமை சாதிக் கட்டோடு பிணைந்திருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. மேலைநாட்டு இல்லத்தாரோ அச்சிட்ட சுவர்த்தாளைச் சுருளாக வாங்கி, பசை தடவி உட்கூரையிலும் ஒட்டினர். ஒட்டப்படும் அழகுக்கும் மரபறிந்த கை ஆக்கும் அழகுக்கும் உள்ள வேற்றுமையைத் தம் வாழ்வின் பொருளாகவே கொண்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

1877 ஆகஸ்டு 22 இல் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. தாயார் எலிசபெத் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் பயின்று, 1903 இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு தோரியனைற்று என்னும் கனியத்தைக் கண்டறிந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவரின் கண்ணிற் பட்டதோ, ஆதரிப்பாரின்றி மங்கிவந்த கைவினை. பிறநாட்டு உடையையும் நடையையும் இரவல் வாங்கும் தம் நாட்டாரைக் கடிந்து 1905 இல் கண்டியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

1907 இல் இங்கிலாந்து மீண்டு, புரோட் கம்டன் என்னும் சிற்றூரில் பழைய தேவாலயம் ஒன்றைப் புதுக்கி அமைத்த இல்லத்தில் வாழ்ந்தார். அங்கே அவர் பயன்படுத்திய அச்சுப்பொறி வில்லியம் மொறிசுக்கு உரியதாக இருந்தது. மொறிசின் பெயரைக் கேட்டதும் சுவர்த்தாள் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அவர் 1860 இல் குடிபுகுந்த சிவப்பு இல்லத்தின் உட்கூரையில் தாள் ஒட்டப்படவில்லை. ஈரச் சாந்தில் சிறு துளைகளிட்டுக் கோலம் வகுத்து, அதன்வழியே வண்ணந் தீட்டினர். வண்ணம் மங்கினாலும் துளை நிற்கும். பின்வரும் கை அதைப் பற்றி மீண்டும் தீட்டலாம். தாளாயின் கிழித்தெறிவதன்றி வேறு வழியில்லை.

மொறிசின் புகழ்பெற்ற சோசர் பதிப்பை 1896 இல் தந்த அந்தப் பொறியிலேயே, ஏறத்தாழப் பதினைந்து மாத உழைப்பால், மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலைக் குமாரசுவாமி 1908 இல் அச்சிட்டு முடித்தார். படிகள் 425 மட்டுமே. கண்டி நாட்டு விகாரைகளிலே மேலே துகில் விரித்தாற்போலக் கொடியும் மலரும் தீட்டிய ஓவியரின் கலை அதில் விளங்குகிறது. அவர்கள் எந்நிலத்தை உழுது உண்டு அத்தொழிலைக் காத்தனர் என்பதும் விளங்குகிறது. என் மனத்தில் நூலை உயர்த்துவது இப்பின்னதே. வாவிக்கரை மேற்கட்டிக்கு அவர் அத்தகைய நூல் செய்யாதது நமக்குக் குறையே.

1917 இல் பொஸ்தன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் சேர்ந்து இறுதிவரை பணியாற்றினார். 1947 இல் எழுபது நிரம்பிய நாளில், இந்தியாவுக்குத் திரும்பி ஒடுங்கி வாழும் விருப்பத்தை வெளியிட்டார். பதினெட்டாம் நாள், செப்டெம்பர் 9 இல், நீடம் என்னும் ஊரில் அவர் உயிர் பிரிந்தது.