கட்டடமும் ஓர் ஆசான்: சர் சையது அகமது கான்

டில்லி மாநகரில் 1817 அக்டோபர் 17 அன்று பிறந்த சர் சையது அகமது கான், நீதித்துறை அலுவலராகப் பணியாற்றிய நாளிலேயே கட்டடக் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். டில்லியின் தொன்மைச் சின்னங்களைப் பற்றி 1847 இல் 'ஆஸாருஸ் ஸனாதீத்' என்னும் நூலை வெளியிட்டார். குதுப் மினாரின் உயரத்திலுள்ள எழுத்துகளைப் படிக்கக் கூடையில் அமர்ந்து அந்தரத்தில் தொங்கினார் என்பர்.

1857 ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் அம்மாநகரும் முஸ்லிம் சமுதாயமும் நிலைகுலைந்தன. கல்வியன்றி மீட்சியில்லை எனத் தெளிந்த அவர், வீட்டை அடமானம் வைத்து, 1869 இல் தம் மைந்தர் இருவருடன் இங்கிலாந்து சென்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. மகன் சையது மகமூது கேம்பிரிட்ஜில் பயின்றார். அங்கே தந்தையின் உள்ளத்தைக் கவர்ந்தது பாடத்திட்டம் மட்டுமன்று. நடுவே முற்றம், சுற்றிலும் மாணவர் அறைகள், ஒருசேர உண்ணும் கூடம், வழிபாட்டிடம் எனக் கல்லூரியே ஓர் இல்லமாக விளங்கிற்று. வகுப்பறை அறிவைத் தரும். கூடிவாழ்தலே பண்பை வளர்க்கும் என உணர்ந்தார்.

1870 இல் தாயகம் திரும்பியவர், 1875 மே 24 அன்று அலிகாரில் பள்ளியைத் தொடங்கினார். பழைய இராணுவத் திடலில் எழவிருந்த கல்லூரிக்கு 1877 ஜனவரி 8 அன்று லிட்டன் பிரபு அடிக்கல் நாட்டினார். கேம்பிரிட்ஜைப் போன்றே முற்றத்தைச் சூழ்ந்து விடுதி அறைகள் எழுந்தன. ஆயினும் அங்குள்ள தேவாலயத்தின் இடத்தில் இங்கே முகலாயப் பாணியில் பள்ளிவாசல் அமைந்தது. சுன்னி, ஷியா மாணவர்க்குத் தனித்தனியே சமயக் கல்வி அளிக்கப்பட்டது. இந்து மாணவரும் உடன் பயின்றனர். கேம்பிரிட்ஜ் மன்றத்தை ஒட்டி 1884 இல் சொற்போர் மன்றம் தோன்றிற்று.

நிதி எளிதில் திரளவில்லை. அவரைச் சமய விரோதி எனத் தூற்றியோர் பலர். எதிராக மார்க்கத் தீர்ப்புகளும் வெளிவந்தன. அவரோ வீடுதோறும் கையேந்தினார். மேடையேறிப் பாடியும் பொருள் திரட்டினார். இந்துப் பெருமக்களும் வழங்கினர். ஈந்தோர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. பெண்களுக்கான பள்ளியை அவர் தொடங்கவில்லை என்பது ஒரு குறையே. அதனை 1906 இல் ஷேக் அப்துல்லாஹ் அலிகாரில் நிறைவு செய்தார்.

1898 மார்ச் 27 அன்று மறைந்த அப்பெருந்தகை, தாம் எழுப்பிய பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கினார். அவரது கல்லூரி 1920 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பிறநாட்டு நன்முறையைக் கொள்க. நம் மண்ணுக்கும் மார்க்கத்திற்கும் ஏற்ப அதனை அமைத்துக்கொள்க என்பதே அவர் வாழ்வு மாணவர்க்கு உணர்த்தும் பாடம்.