திருவந்திபுரத்தில் நின்று பூமியை அளந்தவர்

கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். பூமியின் உருவத்தை அளந்த கதையிலும் அந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு!

அளந்தவர் வில்லியம் லாம்டன். இங்கிலாந்திலிருந்து வந்த ராணுவ அதிகாரி. பூமி சரியான உருண்டை அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையானது. எவ்வளவு தட்டை? அதை அறிவதே அவருடைய ஆசை.

1802 ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி எஃகுச் சங்கிலியால் சுமார் ஏழரை மைல் தூரத்தை அளந்தார். வெயிலில் எஃகு நீளும் அல்லவா? அதற்கும் கணக்குப் பார்த்துத் திருத்தினார்.

அதன் பிறகு சங்கிலிக்கு அதிக வேலை இல்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்காலேயே காணலாம். அப்படிக் கண்ட பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். இவ்வாறு முக்கோணங்கள் திருவந்திபுரத்தை எட்டின. அங்கே இரவில் விண்மீன்களைப் பார்த்து, ஊரின் அட்சத்தைக் குறித்தார். சென்னைக்கு வடக்கே ஓரிடத்திலும் அப்படியே செய்தார். ஒரு பாகைக்கு எத்தனை மைல் என்பது தெரிந்தது.

தெற்கே போகப் போகத் தொல்லை மிகுந்தது. சிதம்பரத்தைத் தாண்டினால் மலை ஏது? எங்கும் வயலும் தென்னையும்தான். ஆகவே கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். அரை டன் கருவி! 1808-இல் தஞ்சையில் கயிறு அறுந்தது. கருவி மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் மனம் தளரவில்லை. ஆறு வாரம் உட்கார்ந்து, தம் கையாலேயே அதை நிமிர்த்தினார்.

அதைவிடப் பெரிய சோதனை ஒன்று காத்திருந்தது. ஊர்களின் இடத்தைக் கணக்கிட, பூமியின் தட்டைக்கு ஓர் எண்ணை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய அளவுகளைப் பார்த்து அவர் ஓர் எண்ணை வைத்திருந்தார். அது பிழை என்று பின்னால் தெரிந்தது! அடி எண் பிழையானால், அதன் மேல் கட்டிய விடைகள் எல்லாமே பிழை. அறிக்கைகளோ ஏற்கெனவே சர்க்காருக்குப் போய்விட்டன.

லாம்டன் அதை மூடி மறைக்கவில்லை. அளந்த கோணங்கள் அப்படியே இருந்தன. மறுபடி மலை ஏற வேண்டியதில்லை. மாற வேண்டியவை விடைகள்தாம். புதிய எண்ணை வைத்துப் பழைய கணக்குகளைத் திரும்பவும் போட்டார். ஆண்டுக்கணக்கில் செய்த வேலை என்று தயங்கவில்லை.

1823 ஜனவரி 20-ஆம் நாள், நாகபுரிக்குப் போகும் வழியில், இங்கன்காட்டில் காலமானார். அவருக்குப் பின் வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் மிக உயர்ந்த சிகரம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கண்டறியத் துணை செய்த பெருவேலையின் முதல் படிகளில் ஒன்று, நம் திருவந்திபுரம்!